முன்பள்ளிப் பிள்ளைகளின் நிறை: தாய்மாருக்கு இணையவழியில் எதை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி
முன்பள்ளி ஆசிரியை, களுவாஞ்சிகுடிப் பகுதி

எல்லோருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடிக்கு அருகில் உள்ள ஒரு முன்பள்ளியில் 14 வருடங்களாகக் கற்பித்து வருகிறேன். இந்த வருடம் எங்களிடம் மூன்று வயது தொடக்கம் ஐந்து வயது வரையான 34 பிள்ளைகள் இருக்கிறார்கள். காலை பத்து மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டிகள் திறக்கப்படும்போது 34 வீட்டுக் குசினிகளும் ஒரே நேரத்தில் என் முன்னால் திறப்பதுபோல் இருக்கும். பிட்டும் மீன்குழம்பும் கொண்டுவரும் பிள்ளைக்குப் பக்கத்திலேயே கிறீம் பிஸ்கட்டும் இனிப்புப் பாலும் மட்டும் கொண்டுவரும் பிள்ளை இருக்கும். கேட்டால், "வீட்டில் ஒன்றும் வாயில் வைப்பதில்லை ரீச்சர், இதையாவது குடிக்கட்டும்" என்று தாய் கவலையோடு சொல்லுவார். அந்தக் கவலை பொய்யானதல்ல என்பது எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் ஒரே நாளில் இரண்டு தாய்மார் என்னிடம் பேசினார்கள். ஒருவர் தன் மகள் மெலிந்துகொண்டே போகிறாள் என்று அழுதார். பிள்ளையின் நிறையையும் உயரத்தையும் வரைபில் குறிக்கும் கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளை ஒரு வயதிலிருந்து, இயல்பான வளர்ச்சியைக் காட்டும் அதே பச்சைப் பகுதியில், அதே கோட்டை ஒட்டியே வளர்ந்து வந்திருந்தாள். மற்றவர் தன் மகன் நன்றாகக் கொழுத்திருப்பதாகவும், ஊரார் கண்பட்டுவிடக் கூடாது என்றும் சொன்னார். அந்தப் பிள்ளையின் உயரத்துக்கேற்ற நிறை வரைபில் புள்ளி, அதிக நிறையைக் காட்டும் +2 கோட்டைத் தாண்டி நின்றது, அவன் முற்றத்தை ஒரு தடவை சுற்றி ஓடினாலே இளைத்து உட்கார்ந்துவிடுகிறான். இரண்டு தாய்மாரும் பிள்ளையில் உயிரையே வைத்திருப்பவர்கள். இருவருமே தங்கள் கண்ணை நம்பினார்களே தவிர, வீட்டிலேயே இருக்கும் அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்கவில்லை.

இதற்காகக் கடந்த வருடம் வட்ஸ்அப்பில் தாய்மார் குழுவொன்றைத் தொடங்கினேன். அது சரிவரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். நான் அனுப்பிய நீண்ட கட்டுரைகளையும் படங்களையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய தவறு, பிள்ளைகளின் நிறைகளை ஒரு பட்டியலாக எழுதி அந்தக் குழுவிலேயே போட்டதுதான். ஒரு தாய் அன்றிரவே குழுவிலிருந்து விலகினார். அதற்குப் பின்னர் என்னோடு முன்புபோலப் பேசுவதில்லை.

வரும் தவணையில் ஆறு கிழமைகளுக்கு மீண்டும் முயல விரும்புகிறேன். எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், எந்த வடிவத்தில் அனுப்பினால் தாய்மாருக்கு உண்மையில் பயன்படும், நிறையைப் பற்றிப் பேச வேண்டுமா அல்லது உணவைப் பற்றி மட்டும் பேசினால் போதுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தாருங்கள்.


பதில் 1
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், படுவான்கரை

ரீச்சர், வணக்கம். நான் 30 வருடங்களுக்கு மேலாக வாவிக்கு மேற்கே உள்ள கிராமங்களில் மிட்வைஃப் ஆக வேலை செய்தவள். உங்களுடைய இரண்டு தாய்மாரையும் நானும் கண்டிருக்கிறேன், ஒரு தடவையல்ல, நூறு தடவைகள்.

உணவைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, நிறையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். ஆனால் பேச வேண்டியது ஒரு பிள்ளை எத்தனை கிலோ என்பதைப் பற்றியல்ல, அந்தப் பிள்ளையின் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பற்றி. ஒரு நாள் எடுத்த நிறை ஒரு புள்ளி மட்டுமே. மூன்று நான்கு புள்ளிகள் சேர்ந்தால்தான் அது கதை சொல்லும். கோடு வரைபின் வளைவுக்குச் சமாந்தரமாக ஏறினால் பிள்ளை சிறிய உடம்புக்காரனாக இருந்தாலும் நன்றாகவே வளர்கிறான். கோடு தட்டையாகப் படுத்தாலோ கீழே சரிந்தாலோ, பிள்ளை இன்னும் பச்சைக்குள் இருந்தாலும் கவனிக்க வேண்டும். அதேபோல் உயரத்துக்கேற்ற நிறைக் கோடு செங்குத்தாக மேலே ஏறினாலும் கவனிக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உயரத்துக்கேற்ற நிறை +2 கோட்டுக்கு மேல் போனால் அதிக நிறை, +3 கோட்டுக்கு மேல் போனால் உடற்பருமன் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. -2 கோட்டுக்குக் கீழே போனால் அது மெலிவு.

"அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குரிய அளவு, நம்முடைய பிள்ளைகளுக்குப் பொருந்தாது" என்று வகுப்பில் யாராவது கட்டாயம் சொல்லுவார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: 2006 இல் வெளியான அந்த வளர்ச்சி நியமங்கள் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் ஊட்டப்பட்டு நல்ல பராமரிப்பில் வளர்ந்த பிள்ளைகளை அளந்து உருவாக்கப்பட்டவை. நல்ல உணவும் நோயற்ற சூழலும் கிடைத்தால் முதல் ஐந்து வருடங்களில் எந்த நாட்டுப் பிள்ளையும் ஏறத்தாழ ஒரேமாதிரி வளர்கிறது என்பதைத்தான் அந்த அளவீடு காட்டியது.

உங்கள் முதல் பாடம் எதுவாக இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், "பிள்ளை ஏன் முன்புபோலச் சாப்பிடுவதில்லை" என்பதுதான். முன்பள்ளி வயதில் நடக்கும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாததால் நடக்கிறது. சராசரி ஆண் குழந்தை பிறக்கும்போது 3.3 கிலோ இருந்து, ஒரு வயதில் 9.6 கிலோ ஆகிறது. ஒரே வருடத்தில் ஆறு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. அதே பிள்ளை இரண்டு வயதில் 12.2 கிலோ, மூன்று வயதில் 14.3, நான்கு வயதில் 16.3, ஐந்து வயதில் 18.3. பாருங்கள், இப்போது வருடத்துக்கு இரண்டு கிலோதான். ஆனால் உயரம் வருடத்துக்கு ஏழெட்டு சென்றிமீற்றர் கூடுகிறது. ஆகவே கன்னம் வற்றும், வயிறு உள்ளே போகும், கால்கள் நீளும். இது மெலிவு அல்ல, இந்த வயதின் இயல்பான உருவம். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது. ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் இரண்டு பிடியோடு எழுந்துவிடும். ஒரு கிழமையைக் கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும்.

இது தெரியாத தாய் என்ன செய்கிறார்? பயப்படுகிறார். "ஒரே ஒரு வாய்" என்று சட்டியோடு முற்றமெங்கும் துரத்துகிறார். அது சரிவராதபோது தொலைபேசியைக் கையில் கொடுத்து, பிள்ளை திரையைப் பார்த்திருக்கும் வேளையில் ஊட்டுகிறார். அதுவும் சரிவராதபோது பால்மாவைக் கரைத்து, இரண்டு கரண்டி சீனி போட்டுக் கொடுக்கிறார். பால் குடித்த வயிறு சோற்றைக் கேட்காது. அடுத்த வேளையும் பிள்ளை சாப்பிடாது, மறுபடியும் பால். இந்தச் சுற்றிலிருந்துதான் இரண்டு வகைப் பிள்ளைகளும் வருகிறார்கள்: பாலாலும் சீனியாலும் பருத்த பிள்ளையும், பாலால் வயிறு நிரம்பி இரும்புச்சத்துக் குறைந்து வெளிறிப்போன பிள்ளையும். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைப் பால் போதும், அதையும் சாப்பாட்டுக்கு முன்னர் கொடுக்காமல் இருந்தால் போதும் என்று நான் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். பிளேன்டீயையும் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தேயிலை உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கும்.

நிறை பார்ப்பதை ஒருபோதும் வட்ஸ்அப்புக்குள் கொண்டுவராதீர்கள். கடைத் தராசில் நிறுத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்வதும் வேண்டாம். இரண்டு வயதுக்குப் பின்னர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிறுவைக்கு வர வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள், யூன் மாதப் போஷாக்கு மாதத்தில் உயரமும் அளக்கப்படும் என்பதைச் சொல்லுங்கள், கொப்பியை எப்படி வாசிப்பது என்று ஒரு மாதிரி வரைபை வைத்து விளக்குங்கள். அந்த மாதிரி வரைபு உங்கள் முன்பள்ளியின் எந்தப் பிள்ளையினுடையதாகவும் இருக்கக் கூடாது.


பதில் 2
இரண்டு பிள்ளைகளின் தாய், நிந்தவூர்

அஸ்ஸலாமு அலைக்கும். மிட்வைஃப் அக்கா சொன்ன அந்தச் சுற்றுக்குள் ஒன்றரை வருடங்கள் இருந்தவள் நான். இப்படியான ஒரு குழுவில் கற்றுக்கொண்ட பின்னர்தான் வெளியே வந்தேன் என்பதால், தாய் ஒருத்தியின் பக்கத்திலிருந்து சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு தொலைபேசிதான் நல்லது. அது பகலில் கணவரோடு கடைக்குப் போய்விடும். இரவு இஷாத் தொழுகைக்குப் பின்னர், பிள்ளைகள் உறங்கிய பிறகுதான் என் கைக்கு வரும். அந்த நேரத்தில் பத்துப் பக்கம் படிக்க எனக்குத் தெம்பில்லை. நேரலை வகுப்பு மாலை ஆறரைக்கு என்றால் அது மஃரிப் நேரம். எங்கள் பகுதியில் ஒருவரும் வரமாட்டார்கள், உங்கள் பகுதியிலும் விளக்கேற்றும் நேரமாக இருக்கும். எனக்குப் பயன்பட்டது குரல் பதிவுதான். மூன்று நிமிடத்துக்கு மேற்படாத குரல் பதிவை, சட்டி கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் திரும்பத் திரும்பக் கேட்க முடிந்தது. என் மாமியும் பக்கத்திலிருந்து கேட்டார். அதுதான் பெரிய மாற்றம், ஏனென்றால் பிள்ளைக்கு ஊட்டுபவர் பாதி நேரம் அவர்தான். நான் படித்துச் சொல்லியிருந்தால் "நாங்கள் எட்டுப் பிள்ளைகளை வளர்க்கவில்லையா" என்று கேட்டிருப்பார். குழுவிலிருந்து ஒரு தாதி பேசியதை அவரே கேட்டபோது மறுப்புச் சொல்லவில்லை.

ஒரு கிழமைக்கு ஒரு மாற்றம் மட்டும் என்று அங்கு சொன்னார்கள். நான் முதலில் எடுத்துக்கொண்டது, சாப்பிடும்போது தொலைபேசி இல்லை என்பது. முதல் நான்கு நாட்கள் மகன் அழுதான், தட்டைத் தள்ளினான், இரண்டு வேளை ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடவில்லை. அந்த நான்கு நாட்களைத் தாண்டுவதற்குத்தான் குழு தேவைப்பட்டது. "எங்கள் வீட்டிலும் இப்படித்தான், ஐந்தாம் நாள் சரியாகும்" என்று ஒலுவிலில் இருந்து ஒரு தாய் இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. ஆறாம் நாள் அவன் தானாகவே பாயில் எங்களோடு உட்கார்ந்து, என் தட்டிலிருந்த மீனைக் கேட்டான்.

இன்னொன்று, ரீச்சர். குழுவில் யாராவது ஒரு தாய் பிள்ளையின் தட்டைப் படமெடுத்துப் போட்டால், உடனே மற்றவர்கள் இறாலும் முட்டையும் பழமும் நிறைந்த தட்டுகளைப் போடத் தொடங்குவார்கள். வாங்க வசதியில்லாத தாய் அதற்குப் பிறகு வாய் திறக்கமாட்டார். எங்கள் குழுவில் இது நடந்தது. தட்டுப் படங்கள் வேண்டாம் என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.


பதில் 3
சமுதாய சுகாதாரத் துறையில் பணியாற்றும் வைத்தியர், அம்பாறை மாவட்டம்

பயனுள்ள கேள்வி. இணையவழிக் கல்வியால் எது மாறும், எது மாறாது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் ஆசிரியை மனம் தளராமல் இருப்பார் என்பதற்காகச் சிலவற்றை எழுதுகிறேன்.

சுவீடனில் "மினிஸ்டொப்" என்ற பெயரில் கைத்தொலைபேசிச் செயலியொன்றை, நான்கு வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆறு மாதங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 315 பிள்ளைகள் பங்குபற்றிய அந்த ஆய்வின் முடிவு 2017 இல் வெளியானது. பிள்ளைகளின் உடற்கொழுப்பில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. ஆனால் உணவு, இனிப்புப் பானம், உடலசைவு முதலியவற்றைச் சேர்த்து மதிப்பிட்டபோது செயலியைப் பயன்படுத்திய வீடுகளில் முன்னேற்றம் இருந்தது. பின்னர் அதை இரண்டரை மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக மாற்றி, சிறுவர் சுகாதார நிலையத் தாதியர் மூலமாகவே கொடுத்தார்கள். குடியேறிய குடும்பங்களுக்காக சோமாலி, அரபு, ஆங்கில மொழிகளிலும் ஆக்கினார்கள். அப்போதும் தின்பண்டமும் இனிப்புப் பானமும் திரை நேரமும் குறைந்தன. உயரத்தோடு ஒப்பிட்டு நிறையைக் கணிக்கும் உடல்நிறைச் சுட்டெண் மாறவில்லை. அவுஸ்திரேலியாவில் வொலொங்கொங் பல்கலைக்கழகத்தார் பெற்றோருக்காக நடத்திய இணையவழித் திட்டமொன்றின் முடிவுகள் 2019 இல் வந்தன. அதிலும் நிறைச் சுட்டெண் மாறவில்லை, ஆனால் தேவையற்ற தின்பண்டங்கள் குறைந்தன, பிள்ளையை வற்புறுத்தி ஊட்டும் பழக்கம் குறைந்தது, பெற்றோருக்குத் தம்மால் முடியும் என்ற நம்பிக்கை கூடியது.

இதை நான் தோல்வியாகக் கருதவில்லை. சில மாதங்களில் பிள்ளையின் நிறை மாறாது. வருடத்துக்கு இரண்டு கிலோ ஏறும் வயதில் அது மாறியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன். மாறக்கூடியது வீட்டின் பழக்கம். ஆகவே ஆறு கிழமையின் முடிவில் எத்தனை பிள்ளைகள் நிறை கூடினார்கள் அல்லது குறைந்தார்கள் என்று ஆசிரியை பார்க்கக் கூடாது. எத்தனை சாப்பாட்டுப் பெட்டிகள் மாறின, எத்தனை வீடுகளில் திரையில்லாமல் சாப்பிடுகிறார்கள், எத்தனை தாய்மார் மூன்று மாத நிறுவைக்குப் போனார்கள் என்று பாருங்கள். பத்து மணிக்குத் திறக்கும் அந்தப் பெட்டிகளைவிட நல்ல அளவுகோல் எந்த ஆய்வாளருக்கும் கிடைக்காது.

ஆனால் அந்த நாடுகளின் பாடத்தை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. அங்குள்ள திட்டங்களெல்லாம் அதிக நிறையைத் தடுப்பதற்காக எழுதப்பட்டவை. இலங்கையின் 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள், 15.1 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையற்றவர்கள், 20.5 வீதத்தினர் வயதுக்கேற்ற நிறையற்றவர்கள். அதிக நிறையுள்ளவர்கள் 2 வீதம். ஒரே வகுப்பில், சில வேளைகளில் ஒரே வீட்டில், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "எண்ணெயைக் குறையுங்கள்" என்று ஒரு குழுவுக்குப் பொதுவாகச் சொன்னால், மெலிந்த பிள்ளையின் தாயும் குறைப்பார். அது ஆபத்து. அதேபோல் "நன்றாக ஊட்டுங்கள்" என்ற பொதுச் செய்தி பருத்த பிள்ளையின் தாய்க்கும் போய்ச் சேருகிறது.

ஆகவே குழுவில் பொதுவாகச் சொல்லும் செய்தி இரண்டு பக்கத்துப் பிள்ளைக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். அப்படியானது ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் போஷாக்கு நிபுணர் எலின் சட்டர் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்த முறை அது: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது தாயின் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. மூன்று நேரச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறு உணவு, இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் மட்டும். இந்த ஒழுங்கில் மெலிந்த பிள்ளைக்குப் பசி திரும்புகிறது, பருத்த பிள்ளைக்கு நாள் முழுக்கக் கொறிப்பது நிற்கிறது. தாய் வற்புறுத்தவும் தேவையில்லை, பறிக்கவும் தேவையில்லை. பறிப்பதும் பலன் தராது. கண்முன்னே வைத்துவிட்டு "நீ தொடக் கூடாது" என்று தடுத்த தின்பண்டத்தைப் பிள்ளை இன்னும் அதிகமாக நாடுகிறது என்பதை லியான் பேர்ச் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1999 இல் காட்டினார்கள். வீட்டுக்குள் வாங்கி வைக்காமல் இருப்பது வேறு, வாங்கி வைத்துவிட்டுத் தடுப்பது வேறு. புதிய கறியொன்றைப் பிள்ளை ஒதுக்கினால், அது பத்துப் பதினைந்து தடவைகள் தட்டில் வந்த பிறகே பழகக்கூடும் என்பதையும் சொல்லுங்கள். மூன்றாம் தடவையோடு "என் பிள்ளைக்கு முருங்கையிலை பிடிக்காது" என்று முடிவெடுக்கும் தாய்மார்தான் அதிகம்.

பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் ஆலோசனையைக் குழுவில் சொல்லாமல், தனியாக, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகவே கொடுக்க வேண்டும். மெலிந்த பிள்ளையின் கஞ்சியில் தேங்காய்ப்பாலோ ஒரு தேக்கரண்டி எண்ணெயோ சேர்ப்பது, காய்ச்சல் மாறிய பின்னர் இரண்டு கிழமைக்கு ஒரு வேளை உணவு கூடுதலாகக் கொடுப்பது, அரசு இலவசமாகத் தரும் சத்துமாவான திரிபோஷாவுக்குப் பதிவதெல்லாம் அங்கே பேச வேண்டியவை. அங்கிருந்து திரிபோஷா கிடைத்தால் அது அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியது என்பதை வீட்டார் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் ஒரு பக்கெட் நான்கு பேருக்குப் பங்காகிறது. பருத்த பிள்ளைக்கு இந்த வயதில் நிறை குறைக்க முயல வேண்டாம். பெரும்பாலும் நிறை ஏறும் வேகத்தை மெதுவாக்கி, உயரம் அதை எட்டிப்பிடிக்க விடுவதே போதும். பட்டினி போடுவதும், கேலி செய்வதும் கூடவே கூடாது.

சீனிக்கு மட்டும் ஒரு முழுக் கிழமை ஒதுக்குங்கள். முன்பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 1,200 தொடக்கம் 1,300 கலோரி தேவை. சேர்க்கப்படும் சீனி மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குக் குறைவாகவும், முடிந்தால் 5 வீதத்துக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 ஆம் ஆண்டு வழிகாட்டல். 5 வீதமென்றால் சுமார் 15 கிராம், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி. 100 மில்லிலீற்றரில் 9 கிராம் சீனி உள்ள 200 மில்லிலீற்றர் பெட்டிப் பானம் ஒன்றிலேயே 18 கிராம் உள்ளே போய்விடுகிறது. இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானங்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிற அடையாளம் கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அம்மம்மாவும் நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். இதற்குக் கட்டுரை வேண்டாம். ஒரு வெறுங்கோப்பையில் சீனியைக் கரண்டி கரண்டியாக அளந்து போடும் முப்பது விநாடிக் காணொளி போதும். சிறிய காணொளியென்றால் டேட்டாவும் அதிகம் போகாது.


பதில் 4
பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர், வாழைச்சேனைப் பகுதி

ரீச்சர், நீங்கள் தாய்மார் குழு என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகள் மூன்று வருடங்களாகக் குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் நான்தான் பார்க்கிறேன். எங்கள் ஒழுங்கையில் மட்டும் இப்படி ஐந்து வீடுகள் உள்ளன. பெயரைத் "தாய்மார் குழு" என்று வைத்தால் எங்களைப் போன்றவர்கள் உள்ளே வரக் கூச்சப்படுவோம். பிள்ளைகளும் அந்தப் பெயரைக் கேட்டு முகம் வாடுவார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தாயையும் குழுவில் சேருங்கள் என்பது என் வேண்டுகோள். மகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காணொளி அழைப்பில் வருவாள். பிள்ளை மெலிந்துவிட்டான் என்று அழுவாள். பெருநாளைக்குப் போல பெட்டி நிறைய சொக்லேட்டும் மாவுத் தகரங்களும் அனுப்புவாள். நான் கொடுக்காவிட்டால் அவள் அன்பைத் தடுத்தவளாகிறேன். கொப்பியைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பச் சொல்லிக் கடந்த மாதம் மிட்வைஃப் மிஸ் சொன்னார். பச்சைக்குள் இருக்கும் கோட்டைக் கண்ட பிறகு, மகன் ஓடுவதற்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கித் தருகிறேன் என்று சொன்னாள்.


கேள்வி கேட்டவரின் பதில்
முன்பள்ளி ஆசிரியை, களுவாஞ்சிகுடிப் பகுதி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வாழைச்சேனை அம்மாவின் பதிலைப் படித்த பிறகு குழுவின் பெயரை "பிள்ளை வளர்ப்போர் குழு" என்று மாற்றிவிட்டேன்; கட்டாரிலும் குவைத்திலும் இருக்கும் மூன்று தாய்மாருக்கு அழைப்பும் அனுப்பியுள்ளேன்.

முதல் கிழமைக்கு மிட்வைஃப் அக்கா தந்த அந்தக் கிலோக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அதை மூன்று நிமிடக் குரல் பதிவாக, திங்கள், வியாழன் ஆகிய இரண்டு இரவுகளில் ஒன்பது மணிக்கு அனுப்புவேன். இரண்டாம் கிழமை சாப்பாட்டு நேர ஒழுங்கு, மூன்றாம் கிழமை சீனி. நான்காவதாக விளையாட்டையும் உறக்கத்தையும் சேர்க்க நினைத்திருக்கிறேன். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிட உடலசைவு, அதில் ஒரு மணித்தியாலமாவது ஓட்டமும் துள்ளலும், திரை ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படாமல், உறக்கம் 10 முதல் 13 மணித்தியாலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னதைப் படித்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வெயிலில் பகல் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை பிள்ளையை வெளியே விட முடியாது என்பதால், காலையில் முன்பள்ளியில் ஒரு மணித்தியாலத்தை நானே பொறுப்பெடுக்கிறேன். மாலை நான்கரைக்குப் பிறகுள்ள நேரத்தை மட்டும் வீட்டாரிடம் கேட்பேன்.

சாப்பாட்டுப் பெட்டிக்கு ஒரு முழுக் கிழமை வேண்டும். கடையில் வாங்கச் சொல்லாமல், எங்கள் வீடுகளில் ஏற்கெனவே இருப்பதையே சொல்ல விரும்புகிறேன்: அவித்த கவுப்பி, பயறு, குரக்கன் ரொட்டி, மீன் வைத்துப் பிசைந்த பிட்டு, அவித்த முட்டை, வாழைப்பழம், பப்பாசி, சீனி போடாத எருமைத் தயிர். நெத்தலியும் சூடையும் மலிவாகக் கிடைக்கும் நாட்களில் இறாலைத் தேட வேண்டியதில்லை. முழுக் கச்சானும் முழுக் கடலையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால், அவற்றை இடித்தோ மசித்தோதான் அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன். இரண்டு வருடங்களுக்கு முன்னர் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கச்சான் புரையேறியது. அந்த ஒரு நிமிடம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

தொலைபேசியே இல்லாத நான்கு வீடுகள் எங்களிடம் உள்ளன. அந்த வீட்டாருக்கு, பிள்ளையை அழைத்துப் போக வரும்போது படலையடியில் வைத்து அதே பதிவைக் கேட்கச் செய்வேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. கடந்த வருடம் என்னால் மனம் நோகடிக்கப்பட்டு விலகிய அந்தத் தாயை மறுபடியும் அழைக்கலாமா? அவருடைய மகன் தான் அந்தப் பட்டியலில் எல்லோரிலும் நிறை கூடியவனாக இருந்தான். இப்போதும் என் வகுப்பில்தான் இருக்கிறான்.


பதில் 5
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், படுவான்கரை

அழைப்பைத் தொலைபேசியில் அனுப்பாதீர்கள், ரீச்சர். நேரில் போங்கள். வாசலிலேயே நின்று, அந்தப் பட்டியலைப் போட்டது உங்கள் தவறு என்று சொல்லிவிடுங்கள். "ஆனால்" என்று ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். பிறகு அவனுடைய நிறையைப் பற்றியல்ல, அவன் வகுப்பில் என்ன நன்றாகச் செய்கிறான் என்பதைப் பற்றிப் பேசுங்கள். என் வேலைக்காலத்தில் கதவைச் சாத்திய தாய்மார் பலரைக் கண்டேன். பிள்ளையின் குறையை மட்டும் கேட்டுக் கேட்டுத்தான் அவர்கள் சாத்தினார்கள்.

அன்றே குழுவில் சேரும்படி கேட்க வேண்டாம். குரல் பதிவுகளை விரும்பினால் தனியாக அனுப்புவதாகச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றாலும், உங்கள் பகுதி மிட்வைஃபிடம் அந்தப் பிள்ளையின் அடுத்த நிறுவை நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முந்திய நாள் மற்ற எல்லாப் பெற்றோருக்கும் சொல்வதுபோலவே அவருக்கும் படலையடியில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.